ரெசனன்ஸ் நீலப்பக்கம் ஓடுகிறது: வெப்பமா, கெர் விளைவா, தேங்கிய மின்னூட்டமா?

அலைமுகம் எழுதியது:

எக்ஸ்-கட் (எக்ஸ் அச்சு சிப் பரப்புக்குச் செங்குத்து) லித்தியம் நையோபேட் மென்படலம். தடிமன் 600 நானோமீட்டர். அதில் 350 செதுக்கியது போக 250 தளமாக மிச்சம். அடியில் 2 மைக்ரான் ஆக்சைடு, அதன் கீழ் சிலிக்கான். மேலே பிஇசிவிடி முறையில் படியவைத்த 1 மைக்ரான் சிலிக்கா உறை. ரேஸ்டிராக் வடிவ ரெசனேட்டர் (ஒளி சுற்றிச் சுற்றி வரும் மூடிய அலைநடத்தி), ஒரு சுற்று 1 மில்லிமீட்டர், நேர்ப்பகுதிகள் ஒய் அச்சில். டிஇ ஒளி, அதாவது மின்புலம் இசட் அச்சில். லோடட் கியூ (ரெசனன்ஸின் கூர்மை அளவு, கப்ளிங் இழப்பும் சேர்த்து) சுமார் 10 லட்சம்.

சிப்புக்குள் -25 டிபிஎம் (0 டிபிஎம் என்றால் 1 மில்லிவாட்) போகும்போது, வெளிவரும் ஒளியில் ரெசனன்ஸ் ஏற்படுத்தும் பள்ளம் சமச்சீராக, இருந்த இடத்திலேயே இருக்கிறது. 0 டிபிஎம் கொடுத்து 1550 நானோமீட்டரைச் சுற்றித் தொடர்ந்து ஸ்கேன் செய்தால் 10 நிமிடத்தில் ரெசனன்ஸ் 40 பிக்கோமீட்டர் குறைந்த அலைநீளத்துக்கு, அதாவது நீலப்பக்கம், நகர்கிறது. இரவு முழுக்க லேசரை அணைத்து வைத்தால் ஏறத்தாழ பழைய இடத்துக்கே திரும்புகிறது.

சூடானால் சிவப்புப் பக்கம்தானே போகவேண்டும்? "கெர் குணகம் (ஒளிச் செறிவுக்கேற்ப ஒளிவிலகல் எண் மாறும் அளவு) எதிர்மறை" என்று கட்டுரையில் எழுதிவிடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. எழுதலாமா?

---

நையோபியம்41 எழுதியது:

எழுதாதீர்கள். முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

குழு ஒளிவிலகல் எண் 2.25 என்று கொண்டால், 1 மில்லிமீட்டர் சுற்றுக்கு ரெசனன்ஸ் இடைவெளி 133 கிகாஹெர்ட்ஸ். கியூ 10 லட்சம் என்றால் கோட்டகலம் 193 மெகாஹெர்ட்ஸ், அலைநீளத்தில் சுமார் 1.55 பிக்கோமீட்டர். ஃபினெஸ் (இடைவெளியைக் கோட்டகலத்தால் வகுத்தது) 690. கிரிட்டிகல் கப்ளிங்கில் (கப்ளிங்கும் உள் இழப்பும் சமமான நிலை) உள்ளே சுற்றும் பவர் அதைப் பை-யால் வகுத்த மடங்கு, ஏறத்தாழ 220. உங்கள் 1 மில்லிவாட் உள்ளே 0.22 வாட் ஆகிறது. மோட் பரப்பு (ஒளி பரவியிருக்கும் குறுக்குவெட்டு) 1 சதுர மைக்ரான் என்றால் செறிவு சதுர மீட்டருக்கு 2.2 × 10^11 வாட்.

லித்தியம் நையோபேட்டின் கெர் குணகம் வாட்டுக்கு 1.8 × 10^-19 சதுர மீட்டர். பெருக்கினால் ஒளிவிலகல் எண் மாற்றம் 4 × 10^-8. அது ரெசனன்ஸை நகர்த்துவது 0.03 பிக்கோமீட்டர் கூட இல்லை, அதுவும் சிவப்புப் பக்கம்.

நீங்கள் பார்த்த 40 பிக்கோமீட்டருக்கு எண் மாற்றம் சுமார் 6 × 10^-5 வேண்டும். கெர் தருவதைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல், திசையும் நேரெதிர். போதாததற்கு 10 நிமிடம் எடுத்திருக்கிறது. கெர் விளைவுக்கு ஃபெம்டோ வினாடியே தாராளம். ஆமை வேகத்தில் நகர்வதைக் கெர் என்று எழுதினால் மதிப்பீட்டாளர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிடுவார்.

வெப்பமும் இல்லை. இந்த அமைப்பில் வெப்பம் டிகிரிக்கு இருபது முப்பது பிக்கோமீட்டர் சிவப்புப் பக்கம் தள்ளும். நீங்கள் பார்ப்பது போட்டோரிஃப்ராக்டிவ் விளைவு: ஒளியால் தேங்கும் மின்னூட்டம் ஒளிவிலகல் எண்ணை மாற்றுவது. இனி பி.ஆர். என்றே எழுதுகிறேன்.

---

பழைய_படிகம் எழுதியது:

41 சொன்னது சரி. ஏன் நீலப்பக்கம் என்பதை மட்டும் சேர்க்கிறேன், அது தெரிந்தால் மருந்தும் தெரியும்.

லித்தியம் நையோபேட்டில் ஒளி பட்ட இடத்தில் குறைபாடுகளிலிருந்து எலக்ட்ரான் கிளம்பும். வெளியிலிருந்து மின்னழுத்தம் எதுவும் கொடுக்காமலேயே அவை சி-அச்சு (மேலே சொன்ன இசட் அச்சு) நெடுக ஒரே பக்கமாகத் தள்ளப்படும். இதைப் பருமப் போட்டோவோல்ட்டாயிக் விளைவு என்பார்கள். கிளாஸ் குழுவினர் 1974-இல் விளக்கியது. தள்ளப்பட்டவை ஒளி படாத ஓரத்தில் போய் மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் கூடுதல், மறுபக்கம் பற்றாக்குறை என்று இடையில் மின்புலம் எழும். அந்தப் புலம் பாக்கெல்ஸ் விளைவு (மின்புலத்துக்கு நேர்விகிதத்தில் ஒளிவிலகல் எண் மாறுவது) வழியாக ஒளிவிலகல் எண்ணைக் குறைக்கும். எண் குறைந்தால் ரெசனன்ஸ் நீலப்பக்கம்.

உங்கள் எண்ணுக்கு எவ்வளவு புலம் வேண்டும்? எண் மாற்றம் என்பது பாதி × எண்ணின் கனம் × ஆர்33 × புலம். எண் 2.14, பாக்கெல்ஸ் குணகமான ஆர்33 வோல்ட்டுக்கு 31 பிக்கோமீட்டர். புலம் சென்டிமீட்டருக்கு 4 கிலோவோல்ட்டுக்குச் சற்றே குறைவாக வரும். இந்தப் பொருளுக்கு இது சாதாரணம். இரும்பு கலந்த பருமப் (மென்படலமாக்காத) படிகங்களில் இதைவிடப் பன்மடங்கு எழும்.

இருட்டில் இந்தப் படிகம் கிட்டத்தட்ட மின்கடத்தாப் பொருள். அதனால் தேங்கிய மின்னூட்டம் வடிய மணிக்கணக்கு ஆகிறது. நீங்கள் சொன்ன 'இரவு முழுக்க' அதுதான்.

ஒரு சிறு வேடிக்கை: 1966-இல் பெல் ஆய்வகத்தில் ஆஷ்கின் குழு இதை முதலில் பார்த்தபோது வைத்த பெயர் 'ஒளிச் சேதம்'. லேசர் கற்றை போகப்போகச் சிதறியது. படிகத்தைச் சூடாக்கினால் சேதம் மறைந்தது. இரண்டே ஆண்டில், 1968-இல், அதே ஆய்வகத்தின் சென் குழு அதே 'சேதத்தில்' ஹோலோகிராம் பதிந்து காட்டியது. சேதமா நினைவகமா என்பது கேட்பவரின் தேவையைப் பொறுத்தது. ஆஷ்கினுக்கு 2018-இல் நோபல் கிடைத்தது ஒளி இடுக்கிக்கு, இதற்கல்ல.

---

அலைமுகம் எழுதியது:

கணக்குக்கு நன்றி. ஆனால் மதிப்பீட்டாளரிடம் 'பி.ஆர்.தான்' என்று நிறுவ எந்த அளவீடு போதும்? இன்னொரு சந்தேகம்: 1550 ஃபோட்டான் 0.8 எலக்ட்ரான் வோல்ட்தான். படிகத்தில் கலப்படமாக இருக்கும் இரும்பின் உட்கவர்ச்சி உச்சம் 2.6 பக்கம் இருக்கிறது. எலக்ட்ரானை எது கிளப்புகிறது?

---

மெல்லுறை எழுதியது:

இரண்டாவது கேள்வி முதலில். உள்ளே 0.22 வாட் சுற்றும்போது கட்டப்பொருத்தம் (இரண்டு அலைகளின் கட்டமும் ஒத்துப்போவது) இல்லாமலே கொஞ்சம் 775, அதாவது பாதி அலைநீளமுள்ள ஒளி, பிறக்கும். ஏதாவது ஒரு ரெசனன்ஸில் தற்செயலாகப் பொருந்திவிட்டால் நிறையவே பிறக்கும். 775 ஃபோட்டானுக்கு 1.6 எலக்ட்ரான் வோல்ட், அது போதுமான வேலை செய்யும். தவிர, செதுக்கிய பக்கச்சுவரிலும் ஆக்சைடு இடைமுகத்திலும் ஆழம் குறைந்த குறைபாட்டு நிலைகள் ஏராளம். சோதிக்கச் சுலபமான வழி: சிப்புக்கு மேல் சாதாரண சிலிக்கான் கேமரா வையுங்கள். 1550 அதற்குத் தெரியாது, 775 தெரியும். ஸ்கேனில் எந்தப் பள்ளத்தில் வளையம் ஒளிர்கிறதோ அந்தப் பள்ளம் மற்றவற்றைவிட வேகமாக ஓடினால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

நிறுவுவதற்குப் பம்ப்-புரோப்: வலிய ஒளியால் மாற்றி, மெல்லிய ஒளியால் அளப்பது.

பம்ப் 1550-இல், 0 டிபிஎம். புரோப் 1580 அருகே வேறொரு ரெசனன்ஸில், -30 டிபிஎம். இரண்டையும் சி/எல் பேண்ட் பிரிப்பானால் சேர்த்து, வெளியே அதேபோல இன்னொன்றால் பிரியுங்கள். பி.ஆர். அலைநடத்தியையே மாற்றுவதால் எல்லா ரெசனன்ஸும் சேர்ந்து நகரும். புரோப் சும்மா வேடிக்கை பார்த்தால் போதும். பள்ளம் நகர நகரப் பம்பைப் பின்தொடர்த்திக்கொண்டே 5 நிமிடம் ஓட்டுங்கள். பிறகு பம்பை அணைத்துப் புரோப் பள்ளத்தின் இடத்தை வினாடிக்கு ஒருமுறை பதியுங்கள். வெப்பப் பங்கு மில்லி வினாடிக்குள் போய்விடும், புரோப் ஒரு குதி நீலப்பக்கம் குதிக்கும். அதன் பிறகு நிமிடங்கள், மணிகள் என்று மெல்லச் சிவப்புப் பக்கம் திரும்புவது பி.ஆர். ஒரே வரைபடத்தில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் தெரியும்; அதற்கு மேல் வாதம் தேவையில்லை.

கவனிக்க வேண்டியவை. லேசர் காட்டும் அலைநீளத்தை நம்பாதீர்கள்; ஒவ்வொரு ஸ்கேனுக்கும் சில பிக்கோமீட்டர் பிசகும். பம்ப் பக்கத்துக்கு ஹைட்ரஜன் சயனைடு வாயுக் கலம் ஒன்றை இணையாக வைத்து அதன் கோடுகளை அளவுகோலாக்குங்கள். அதன் கோடுகள் சுமார் 1528 முதல் 1562 வரைதான், 1580 புரோப்புக்கு எட்டாது. அந்தப் பக்கம் நிலைப்படுத்திய ஃபைபர் இன்டர்ஃபெரோமீட்டரை அளவுகோலாக வையுங்கள். சிப் மேடையின் வெப்பநிலை 0.01 டிகிரிக்குள் நிற்க வேண்டும், அதுவே கால் பிக்கோமீட்டர். ஃபைபர் ஒட்டு விலகினால் பள்ளத்தின் உயரம்தான் மாறும், இடம் மாறாது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஸ்கேன் வேகத்தையும் இரண்டு விதமாக எடுங்கள். வினாடிக்கு 10 நானோமீட்டரில் போனால் ஒரு கோட்டகலத்தைக் கடக்க 0.15 மில்லி வினாடி, 0.1-இல் போனால் 15 மில்லி வினாடி. வெப்பம் மைக்ரோ வினாடிகளில் எழுவதால் இரண்டிலும் முக்கோணமாகத் தெரியும். பி.ஆர். ஒவ்வொரு ஸ்கேனிலும் சேர்ந்துகொண்டே போகும்.

---

நையோபியம்41 எழுதியது:

ஒன்று விட்டுவிட்டீர்கள்: அழிப்புச் சோதனை. 470 நானோமீட்டர் எல்இடியைச் சிப் முழுக்கச் சீராகப் படும்படி சில நிமிடம் அடியுங்கள். எங்கும் எலக்ட்ரான் கிளம்பிக் கடத்துதிறன் ஏறும், தேங்கியது கலையும், ரெசனன்ஸ் திரும்பி வரும். இருட்டில் ஓர் இரவு ஆவதை நீல ஒளி நிமிடங்களில் செய்தால் அது வெப்பமும் அல்ல, கெர்ரும் அல்ல. சிலிக்கா உறை ஒளியைத் தடுக்காது. தங்க மின்முனை இருந்தால் அதன் நிழலில் மட்டும் அழியாமல் நிற்கும்.

---

நேர்கோடு எழுதியது:

இவ்வளவு சுற்று எதற்கு? மக்னீசியம் ஆக்சைடு 5 மோல் சதவீதம் கலந்த வேஃபர் வாங்கினால் முடிந்தது. பிபிஎல்என் (டொமைன்களை, அதாவது படிகத் திசையை, சீரான இடைவெளியில் புரட்டிய லித்தியம் நையோபேட்) விற்பவர்கள் எல்லாரும் அதைத்தானே தருகிறார்கள்.

---

பழைய_படிகம் எழுதியது:

பருமப் படிகத்தில் நீங்கள் சொல்வது உண்மை. லித்தியம் இருக்க வேண்டிய இடத்தில் நையோபியம் உட்கார்ந்திருப்பதுதான் அங்கே மூலக் குறைபாடு. மக்னீசியம் வந்து அதை விரட்டும். 5 சதவீத வாசலைத் தாண்டியதும் ஒளிக்கடத்துதிறன் வெகுவாக ஏறும், மின்னூட்டம் தேங்க நேரமே கிடைக்காது. அதனால்தான் கலக்காத பிபிஎல்என்னை 150 முதல் 200 டிகிரி அடுப்பில் வைத்து ஓட்டியவர்கள், கலந்தது வந்ததும் அறை வெப்பநிலைக்கு இறங்கினார்கள்.

மென்படலம் வேறு கதை. ஹீலியம் அயனியைப் பாய்ச்சிப் பிளந்து எடுத்த படலம் அது; அயனி போன தடம், ஒட்டிய இடைமுகம், ஆர்கான் செதுக்கிய சுவர் என்று பருமத்தில் இல்லாத மூன்று குப்பைத்தொட்டிகள். மக்னீசியம் அவற்றைத் தொடாது. போதாக்குறைக்குப் போலிங்கும் (மின்புலத்தால் டொமைன்களைப் புரட்டுவது) சிக்கலாகும். கலக்காத படிகத்தில் மில்லிமீட்டருக்கு 21 கிலோவோல்ட்டாக இருக்கும் கோயர்சிவ் புலம் (டொமைனைப் புரட்டத் தேவையான மின்புலம்) கலந்ததில் 5 பக்கம் இறங்குவது நல்லதுதான். ஆனால் கசிவு மின்னோட்டமும் கூடி டொமைன்கள் அகலவாட்டில் ஒன்றோடொன்று ஒட்டும். 1550-ஐ 775 ஆக்க மென்படலத்தில் போலிங் சுழற்சி 4 மைக்ரான் அளவுதான், பருமத்தில் 19. நாலு மைக்ரானில் ஒட்டினால் எல்லாம் போச்சு.

---

மெல்லுறை எழுதியது:

மென்படலத்துக்கு வேலை செய்கிற வழி 2021-இல் வெளிவந்தது: மேலுறையை எடுத்துவிட்டு அனீல் செய்வது (சூடாக்கி மெல்ல ஆறவிடுவது). உறை ஆக்சைடுக்கும் படிகத்துக்கும் இடையிலுள்ள முகம்தான் மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் பெரிய தேக்கம். அதை நீக்கினாலே நகர்வு பெரிதும் குறைகிறது. அனீலிங் செதுக்கல் சேதத்தை ஆற்றுகிறது.

செய்முறையில் சறுக்கும் இடங்கள் நிறைய.

உறையை எடுக்கப் பஃபர்டு எச்எஃப் (ஆக்சைடைக் கரைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலக் கலவை). உங்களிடம் 250 நானோமீட்டர் தளம் மிச்சம் இருப்பதால் அடி ஆக்சைடு மூடியே இருக்கும், தப்பித்தீர்கள். ஆனால் வெட்டிய முகப்பில் மூடி இல்லை. அமிலம் அங்கே பக்கவாட்டில் புகுந்து அலைநடத்தி நுனியை அந்தரத்தில் தொங்கவிடும். லென்ஸ் ஃபைபர் இடித்தால் உடையும். முகப்பிலிருந்து 100 மைக்ரானுக்கு ரெசிஸ்ட் பூசி மூடுங்கள், அல்லது முதலில் உறை எடுத்துப் பிறகு முகப்பு வெட்டுங்கள். படலத்தை முழுக்கச் செதுக்கியவர்களுக்கு இந்த வழி ஆகாது, அலைநடத்திக்கு அடியிலேயே குடைந்துவிடும். மின்முனையில் தங்கத்துக்கு அடியில் டைட்டானியம் இருந்தால் அதையும் எச்எஃப் தின்றுவிடும். குரோமியம் தாங்கும்.

உறை போனதும் மோட் உள்ளே சுருங்கும். வளையத்துக்கும் பக்க அலைநடத்திக்கும் உள்ள இடைவெளி அதேதான், ஆனால் கப்ளிங் குறையும். ஓவர்கப்பிள்டாக (கப்ளிங் உள் இழப்பைவிட மிகுந்து) இருந்த வளையம் அண்டர்கப்பிள்ட் (அதைவிடக் குறைந்து) ஆகலாம். மாஸ்க்கில் 50 நானோமீட்டர் படியில் நாலைந்து இடைவெளி வைத்திருந்தால் தலைவலி இல்லை. போலிங் செய்த அலைநடத்தி என்றால் கட்டப்பொருத்த அலைநீளமும் இடம் மாறும். சுழற்சியை உறையில்லாத மோடுக்கே கணக்கிட வேண்டும்.

அனீலிங் ஆக்சிஜனில் 500 டிகிரி, 2 மணி நேரம். உலோகம் போடுவதற்கு முன்பே செய்யுங்கள். ஏற்றமும் இறக்கமும் நிமிடத்துக்கு 5 டிகிரியைத் தாண்டக் கூடாது. லித்தியம் நையோபேட் ஒரு திசையில் கெல்வினுக்கு மில்லியனில் 15 பங்கு விரிகிறது, சிலிக்கான் 2.6 மட்டுமே, அவசரப்பட்டால் படலம் சிப் விளிம்பிலிருந்து உரியும். பைரோ மின்னூட்டம் (வெப்பநிலை மாறுவதால் எழுவது) வேறு சேரும். எடுத்தவுடன் அளக்காமல் எல்இடியால் ஒருமுறை அழித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

---

சந்தேகி எழுதியது:

இழை திசை மாறாத அளவுக்கு ஒரு கேள்வி. 'கெர்ரா வெப்பமா' என்ற இதே குழப்பம் இசட்-ஸ்கேனிலும் (குவிந்த கற்றையினூடே மாதிரியை நகர்த்தி ஒளிவிலகல் மாற்றத்தை அளப்பது) இருக்கிறதல்லவா? 532 தொடரலை லேசரில் அளந்து வாட்டுக்கு 10^-8 சதுர சென்டிமீட்டர் என்று போட்ட கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன.

---

நையோபியம்41 எழுதியது:

குழப்பம் அல்ல, தவறு. உருக்கிய சிலிக்காவின் கெர் குணகம் வாட்டுக்கு சுமார் 2.7 × 10^-16 சதுர சென்டிமீட்டர். ஏதோ ஓர் அமினோ அமிலப் படிகம் அதைப் பல கோடி மடங்கு மிஞ்சுகிறது என்றால் அளந்தது வெப்ப லென்ஸ். நம் ஊர்ப் படிக வளர்ப்பு ஆய்வேடுகளில் இந்த அட்டவணை சடங்கு போல வருகிறது. எஃப்டிஐஆர் நிறமாலை, டிஜிஏ வெப்பச் சோதனை, கடைசியில் ஒரு இசட்-ஸ்கேன். படிகம் வளர்த்தவரின் உழைப்பு உண்மையானது. கடைசிப் பக்கம் மட்டும் அதற்குப் பொருந்தவில்லை.

பிரித்தறியக் கடிகாரம் போதும். குவிய இடுப்பின் ஆரம் 20 மைக்ரான் என்க. வெப்ப லென்ஸ் எழ ஆகும் நேரம் ஆரத்தின் வர்க்கத்தை வெப்பப் பரவல் எண்ணின் நாலு மடங்கால் வகுத்தது. திரவத்தில் பரவல் எண் வினாடிக்கு 10^-7 சதுர மீட்டர், எனவே 1 மில்லி வினாடி. படிகத்தில் அதில் பத்தில் ஒன்று. தொடரலை லேசருக்குச் சாப்பர் போட்டு டிடெக்டர் சிக்னலை ஆசிலாஸ்கோப்பில் பாருங்கள்: ஒளி திறந்த கணத்தில் ஒன்றுமில்லாமல் அரை மில்லி வினாடியில் வளைந்து ஏறினால் வெப்பம். ஃபெம்டோ வினாடி லேசர் இருந்தாலும் 80 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் பயனில்லை. துடிப்புகளுக்கு இடையே 12.5 நானோ வினாடிதான், சூடு அடுக்கடுக்காக ஏறும். பல்ஸ் பிக்கரால் 100 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள்.

உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடைத்தூரம் ரேலி நீளத்தின் 1.7 மடங்கு வரவேண்டும். 20 மைக்ரான், 532-க்கு ரேலி நீளம் 2.4 மில்லிமீட்டர், ஆக இடைத்தூரம் 4. உங்கள் வரைபடத்தில் 15 வந்தால் கற்றையை முதலில் சரிபாருங்கள்.

---

பழைய_படிகம் எழுதியது:

பி.ஆரைத் தொல்லை என்று மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். சிலிக்கான் நைட்ரைடில் இதன் ஒன்றுவிட்ட தம்பியை வைத்து இப்போது அழகாக வேலை வாங்குகிறார்கள். நைட்ரைடு உருவற்றது, ஆகவே (775-ஐப் பிறப்பிக்கும்) இரண்டாம் படி நேரிலாத் தன்மை கிடையாது. ஆனால் 1550 பம்பும் அதன் 775 துளியும் சேர்ந்து போகும்போது, இரண்டின் குறுக்கீடு எலக்ட்ரானை இடத்துக்கு இடம் எதிரெதிராகத் தள்ளுகிறது. அலைநடத்தி நெடுகப் புலம் கூடியும் குறைந்தும் தானாகவே ஒரு கீற்றணியாகப் பதிகிறது. அதன் சுழற்சி கட்டப்பொருத்தத்துக்கு வேண்டிய அதே சுழற்சி, ஏனென்றால் எழுதியதே அந்த இரண்டு அலைகள்தாம். மின்முனை வேண்டாம், போலிங் வேண்டாம். லோசானில் 2017-இல் அலைநடத்தியில் காட்டினார்கள். 2021, 2022-இல் வளைய ரெசனேட்டருக்கு வந்துவிட்டது. 1986-இல் ஆஸ்டர்பெர்க்கும் மார்குலிஸும் கண்ணாடி ஃபைபரில் இன்ஃப்ராரெட் லேசரை மணிக்கணக்காக விட்டுப் பச்சை ஒளி எடுத்தார்களே, அதே குடும்பம்.

---

நேர்கோடு எழுதியது:

மக்னீசியம் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் லித்தியம் டாண்டலேட்டுக்கு மாறிவிடலாமே? 2024-இல் நேச்சரில் வந்த சிப்பில் இழப்பு மீட்டருக்கு 5.6 டெசிபல், ஆர்33 கிட்டத்தட்ட நையோபேட் அளவே. பி.ஆரும் குறைவு.

---

மெல்லுறை எழுதியது:

புதிதாகத் தொடங்குபவருக்கு நல்ல தேர்வு. இரட்டைவிலகல் 0.004 மட்டுமே என்பதால் வளைவுகளில் டிஇ, டிஎம் (ஒளியின் இரண்டு முனைவாக்கங்கள்) கலக்கும் தொல்லை குறையும். நையோபேட்டில் அது 0.07. ஆனால் அனீலிங் பழக்கத்தை அப்படியே கொண்டுபோகாதீர்கள். நையோபேட்டின் கியூரி புள்ளி (டொமைன் திசையே கலைந்துவிடும் வெப்பநிலை) 1100 டிகிரிக்கு மேல். டாண்டலேட்டுக்கு 600-ஐ ஒட்டித்தான். 500-இல் நிறுத்தத் தெரிந்த அடுப்பாக இருக்கட்டும். 100 டிகிரி எகிறினால் போலிங் மட்டுமல்ல, படலத்தின் சி-அச்சே கலைந்துவிடும்.

அலைமுகத்துக்கு இன்னொன்று: நோக்கம் காம்ப் (சம இடைவெளியில் பல அதிர்வெண்கள் உள்ள ஒளி) என்றால் பி.ஆரை முழுக்கக் கொல்ல அவசரப்படாதீர்கள். வெப்பம் மட்டும் உள்ள வளையத்தில் லேசரைச் சிவப்புப் பக்கம் தள்ளும்போது சாலிட்டான் (வடிவம் மாறாமல் சுற்றும் ஒளித்துடிப்பு) படியில் ரெசனன்ஸ் நழுவிவிடும். பி.ஆர். எதிர்த்திசையில் இழுப்பதால் சிவப்புப் பக்கமே நிலையான பக்கம் ஆகிறது. 2019-இல் இசட்-கட் படலத்தில் சாலிட்டான் தானாகவே தொடங்கியதும், முன்னும் பின்னும் போய்வர முடிந்ததும் இதனால்தான்.

---

அலைமுகம் எழுதியது:

நோக்கம் மாடுலேட்டர், காம்ப் அல்ல. கெர் வரியை நீக்கியாயிற்று.

பம்ப்-புரோப் ஓட்டியதில் மெல்லுறை சொன்னபடியே: பம்ப் நின்றதும் புரோப் நீலப்பக்கம் ஒரு சிறு குதி, பிறகு மெதுவாகச் சிவப்புப் பக்கம் திரும்பல். நீல எல்இடி அந்தத் திரும்பலை நிமிடங்களில் முடித்தது. கேமராவில் பத்து ரெசனன்ஸில் ஒன்று மட்டும் தெளிவாக ஒளிர்கிறது. நான் முதலில் அளந்தது துரதிர்ஷ்டவசமாக அதே பள்ளம். பக்கத்துப் பள்ளத்தில் அதே பவருக்கு நகர்வு பாதிக்கும் கீழே.

உறை எடுப்பதற்கு முன் ஒரு சந்தேகம்: மின்முனை உறைக்கு மேல் இருக்கிறது, ஒட்டுப் படலம் டைட்டானியம்.

---

மெல்லுறை எழுதியது:

அப்படியென்றால் அந்தச் சிப்பைத் தொடாதீர்கள், உறையோடு மின்முனையும் மிதந்து போய்விடும். அடுத்த தொகுதியில் செதுக்கல் முடிந்ததும் அனீல், பிறகு தளத்தின் மேல் நேரடியாகக் குரோமியம்-தங்கம், உறையே வேண்டாம். மின்முனையை அலைநடத்தி விளிம்பிலிருந்து 2.5 மைக்ரானுக்குக் கிட்டே கொண்டுவராதீர்கள், உலோக இழப்பு கியூவைத் தின்றுவிடும். இருக்கும் சிப்பை ஒளிராத பள்ளத்தில், -10 டிபிஎம்முக்குக் கீழே ஓட்டுங்கள். பயாஸை (மாடுலேட்டரின் இயக்கப் புள்ளி) மின்முனை டிசி-யில் பிடிக்காமல் ஹீட்டரில் பிடியுங்கள். டிசி கொடுத்தால் அதே மின்னூட்டம் நகர்ந்து வந்து புலத்தை மறைத்துவிடும், பயாஸ் மணிக்கணக்கில் நழுவும்.